ஏழாம் மாதம்

எங்கள் வீட்டு வளைகாப்புகளில் ஆயாவுக்கென்று ஒரு தனி வழக்கம் இருந்தது. மற்றப் பெண்கள் சந்தனக் கிண்ணம் எங்கே, குங்குமச் சிமிழ் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போது, அவள் மட்டும் மனையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காலடியில் போய்க் குந்திக்கொள்வாள். புடவைக் கரையைச் சற்றே ஒதுக்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பு தட்டுப்படும் இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்துவாள். ஐந்தாறு விநாடி அப்படியே வைத்திருந்து எடுப்பாள். எடுத்த இடத்தையே உற்றுப் பார்ப்பாள். பிறகுதான் எழுந்து கன்னத்தில் சந்தனம் பூசுவாள். கையில் வளையல் அடுக்குவாள்.

சிறு பிள்ளைகளான எங்களுக்கு அதுவும் சடங்கில் ஒரு பகுதி என்றே எண்ணம். பூந்தமல்லிப் பக்கத்துச் சீர் போலும் என்று நினைத்திருந்தேன். உறவினர் வீடுகளில் வேறு யாரும் அப்படிச் செய்து பார்த்ததில்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் தோன்றவில்லை. என் மனைவிக்கு ஏழாம் மாதத்தில் வளை அடுக்கியபோது ஆயாவுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்தார்கள். அப்போதும் விரலை வைத்து அழுத்தினாள். அன்றைக்குத்தான் ஏன் என்று கேட்டேன்.

"எங்க அக்காவுக்கு விரல் பதிஞ்சுது. குழி அப்படியே நின்னுச்சு. யாரும் அதைப் பாக்கலைடா" என்றாள்.

அந்த அக்காவைப் பற்றி அதற்கு முன் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பதினேழு வயதுப் பெண். தலைப் பிரசவம். 1938-ஆம் ஆண்டு வாக்கில் ஏழாம் மாதம் வளையடுக்கித் தாய் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். வந்த இரண்டு வாரத்தில் முகம் பூரித்துக்கொண்டது. மோதிரம் விரலை விட்டுக் கழலவில்லை. "அம்மா வீட்டுச் சோறு உடம்பிலே ஒட்டுது" என்று தெருவே திருஷ்டி கழித்தது. கால் வீங்கியபோது, பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் இறங்குவது வழக்கந்தானே என்று நெருஞ்சில் கஷாயமும் பார்லித் தண்ணீரும் கொடுத்தார்கள். தலை வலிக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்று அவள் சொன்னாளாம். வெயில் என்றார்கள். ஒரு நாள் விடியற்காலையில் பல் கிட்டிப்போய் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வேப்பிலை அடிக்க ஒருவரை அழைத்து வந்தார்கள். அரை நாள் அதில் போயிற்று. பிறகு மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் பட்டணத்துக்குப் புறப்பட்டார்கள்.

பூந்தமல்லியிலிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். மாட்டு வண்டிக்கு ஐந்து மணி நேரம். கரையான்சாவடி, குமணன்சாவடி, வேலப்பன்சாவடி என்று வரிசையாகச் சாவடிகள் வரும். வழிப்போக்கர்கள் இளைப்பாறுவதற்காக ஏற்பட்ட இடங்களின் பெயர் இன்றும் பஸ் நிறுத்தங்களில் நிற்கிறது. பிறகு வானகரம், மதுரவாயல், கோயம்பேடு, அரும்பாக்கம். அமைந்தகரையை எட்டுமுன்பே வண்டியைத் திருப்பிவிட்டார்கள். பத்து வயதுப் பெண்ணான ஆயா, காலையில் வண்டி போனதையும் இரவில் வண்டி வந்ததையும் திண்ணையில் நின்று பார்த்திருக்கிறாள். அக்காவின் கையில் பச்சை வளையல்கள் அப்படியே இருந்தனவாம். அதைச் சொல்லும்போது மட்டும் ஆயாவின் குரல் தடுமாறிற்று.

கதை எழுதுகிறவர்களாகிய நாங்கள் பிரசவத்தை எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! வாசலில் கணவன் குறுக்கும் நெடுக்குமாக நடப்பான். உள்ளே வெந்நீர் கொதிக்கும். ஒரு அலறல், அப்புறம் ஒரு நிசப்தம், அப்புறம் குவா குவா. இவையெல்லாம் பத்தாம் மாதத்துச் சமாசாரங்கள். ஏழாம் மாதத்தைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. அதில் காட்சி கிடையாது. ஒரு பெண் மெல்ல நடக்கிறாள், பெருமூச்சு விடுகிறாள், புளி கேட்கிறாள், அவ்வளவுதான். வைத்திய சாஸ்திரமும் நெடுங்காலம் எங்களைப் போலத்தான் நடந்துகொண்டது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

சென்னையில் பிரசவத்துக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி ஏற்பட்டது 1844-இல். அதுதான் இன்றைய எழும்பூர்ப் பிள்ளைப்பேற்று மருத்துவமனையின் தொடக்கம். 1854-இல் மருத்துவச்சிகளுக்கு அங்கே பயிற்சி கொடுக்க ஏற்பாடாயிற்று. அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்தியத்துக்கு ஒரு பெரிய ஆங்கில நூலை மொழிபெயர்த்து 1857-இல் அச்சிட்டார். நூறு வருஷத்துக்குப் பின் கலைச்சொல்லுக்காகக் கமிட்டி கூட்டிய நாம் அந்த மனிதரை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் ஆஸ்பத்திரியானாலும் புத்தகமானாலும் பெரும்பாலும் ஆரம்பிக்கிற இடம் ஒன்றுதான்: வலி எடுத்த நேரம். வலி எடுக்காத பெண்ணை, நோய் என்று ஒன்றும் சொல்லாத பெண்ணை, வைத்தியர் எதற்காகப் பார்க்க வேண்டும்?

அந்தக் கேள்வியைத் தலைகீழாகப் போட்டவர் எடின்பரோ நகரத்து டாக்டர் பாலன்டைன். பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும் என்று அவர் எழுதியது 1901-இல். 1915-இல் அதே ஊரில், நடந்து வந்து பரிசோதித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போகும் கர்ப்பிணிகளுக்காக ஒரு பிரிவு ஏற்பட்டது. 1929-இல் பிரிட்டிஷ் சுகாதார இலாகா ஒரு கால அட்டவணையே போட்டுக் கொடுத்தது. பதினாறாம் வாரம் ஒரு தரம், இருபத்து நாலாம் வாரம் ஒரு தரம், இருபத்தெட்டாம் வாரம் ஒரு தரம்; அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை; முப்பத்தாறுக்குப் பிறகு வாரம் தவறாமல். உலகத்தில் பாதி தேசங்கள் பின்னால் இந்த அட்டவணையைத்தான் ஏதோ வேதவாக்குப் போல் பின்பற்றின.

இருபத்தெட்டாம் வாரம் என்பது என்ன? நம் கணக்கில் ஏழு முடிந்து எட்டில் கால் வைக்கிற நாள். அதற்கு முன் எப்போதாவது ஒரு தரம் பார்த்த பெண்ணை, அந்த நாளிலிருந்து அடிக்கடி பார் என்கிறது அட்டவணை. நம் பாட்டிகளும் அதே இடத்தில்தான் கோடு கிழித்திருந்தார்கள். வாரக் கணக்கும் அறியாமல், ரத்த அழுத்தமும் அறியாமல், ஏழாம் மாதத்தில் வளையடுக்கிப் பெண்ணை அவள் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அழைத்து வந்தால் என்ன நடக்கும்? நெல் குத்த வேண்டாம். கிணற்றில் இறைக்க வேண்டாம். மாமியார் எழுமுன் எழ வேண்டாம். பசித்தால் கேட்டுச் சாப்பிடலாம். புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், தயிர்ச்சாதம் என்று கட்டிக்கொண்டு வரும் சித்திரான்னங்களுக்கு அடியில் இந்த ஒரு பெரிய விஷயம் இருந்தது. சடங்கு என்று சொல்லிவிட்டதால் மாமியாரும் மறுக்க முடியாது. ஓய்வு என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

ஏழாம் மாதத்தில் உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கோடு ஏன் இங்கே விழுந்தது என்பது விளங்கும். இருபதாம் வாரத்தில் தொப்புள் மட்டத்தில் நின்ற கருப்பை, இருபத்தெட்டில் அதைத் தாண்டி மேலேறி, முப்பத்தாறில் நெஞ்சுக் குழியைத் தொடும். நடந்தால் மூச்சு வாங்குவதும், உண்டது எதுக்களிப்பதும், இரவில் ஆடுசதை முறுக்கிக்கொள்வதும் அதனோடு வருபவை. ஏழு முடியும்போது ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள குழந்தை, மீதியுள்ள மூன்று மாதத்தில் அதைப்போல் மூன்று மடங்காகிறது. இதற்கெல்லாம் ரத்தம் வேண்டுமே! தாயின் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு சுமார் நாற்பது, ஐம்பது சதவிகிதம் கூடிவிடுகிறது. கூடுவதில் பெரும்பங்கு நீர். சிவப்பணுக்கள் அத்தனை வேகமாகப் பெருகுவதில்லை. பாலில் தண்ணீர் சேர்ந்த கதைதான். போதிய சத்தில்லாத பெண்ணுக்கு இந்த மாதத்தில்தான் சோகை வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

பாட்டிகள் கோடு கிழித்தது சரி. கோட்டுக்கு அப்பால் அவர்கள் செய்த எல்லாமே சரி என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை பெருத்துவிட்டால் பெற முடியாது என்று, ஏழாம் மாதத்துக்குப் பிறகு சோற்றைக் குறைத்த வீடுகள் நம் நாட்டில் ஏராளம். அதற்கும் அவர்கள் வரையில் காரணம் இருந்தது. கத்தி வைக்க ஆஸ்பத்திரி இல்லாத ஊரில், குறுகிய இடுப்புள்ள பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பெரிய குழந்தை என்பது யமன். ஆனால் குழந்தையை இளைக்க வைப்பதாக எண்ணி அவர்கள் தாயின் ரத்தத்தைக் குறைத்தார்கள். முகம் வெளுத்தால் "கர்ப்பக் களை" என்று சொல்லி மகிழ்ந்தார்கள்.

அந்த வெளுப்பைத் தேடிக்கொண்டு ஒரு ஆங்கிலப் பெண்மணி இந்தியாவுக்கு வந்தார். லூசி வில்ஸ் என்று பெயர். 1928-இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளைக் கொல்லும் ஒருவகைச் சோகையை ஆராயத் தொடங்கினார். 1929-இல் சில மாதங்கள் குன்னூரில் வேலை செய்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். இந்தக் கோஷா ஆஸ்பத்திரிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. சென்னையில் பாரிஸ்டராக இருந்த ஒரு வெள்ளைக்காரரின் மனைவி மேரி ஷார்லீப், ஆண் டாக்டர்களிடம் காட்ட முடியாத பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கேள்விப்பட்டுத் தாமே மருத்துவம் படிக்கப் புறப்பட்டார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பிறகு லண்டனில் பெண்களுக்கென்று ஏற்பட்டிருந்த மருத்துவக் கல்லூரியில் படித்துத் திரும்பி, 1885-இல் இங்கே கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். லூசி வில்ஸும் அதே லண்டன் கல்லூரியில் படித்தவர். ஒருத்தி நட்ட மரத்தின் நிழலில் இன்னொருத்தி வந்து நின்றாள் என்று சொல்லலாம்.

வில்ஸ் எலிகளை வைத்துப் பார்த்தார். குரங்குகளை வைத்துப் பார்த்தார். ஏழைப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அடுப்பங்கரை வரையில் விசாரித்தார். கடைசியில் மருந்தாகக் கிடைத்தது என்ன தெரியுமா? மார்மைட். ரொட்டியில் தடவித் தின்பதற்காக ஈஸ்ட்டிலிருந்து செய்யும் கறுப்பான ஒரு விழுது. மலிவான சரக்கு. அதைக் கொடுத்ததும் சாகக் கிடந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931-இல் அவர் இதை எழுதி வெளியிட்டபோது, அதில் இருக்கும் சத்து இன்னதென்று அவருக்கே தெரியாது. பத்து வருஷம் கழித்து, 1941-இல் பசலைக்கீரையிலிருந்து அதே சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இரும்புச் சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் ஒரே மாத்திரையில் சேர்த்துக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திட்டம் இந்தியாவில் 1970-இல் வந்தது. இன்றைக்குக் கிராமத்து நர்ஸ் தாளில் மடித்துக் கொடுக்கும் சத்து மாத்திரையில் திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரியின் சில மாதங்களும் கலந்திருக்கின்றன.

சரி, மருந்து இருக்கிறது, அட்டவணை இருக்கிறது. இரண்டையும் வண்டிப் பாதையைத் தாண்டி யார் கொண்டுபோவது? அதுவல்லவா கஷ்டம்! ஆஸ்பத்திரியைக் கட்டிவிட்டுப் பெண் வருவாள் என்று காத்திருந்தால் அவள் வேலப்பன்சாவடியைத் தாண்டமாட்டாள். 1926-இல் இலங்கையில் களுத்துறை என்ற ஊரில் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சிறு பிரதேசத்தை எல்லை கட்டிக்கொண்டு, டாக்டர், சுகாதார நர்ஸ், மருத்துவச்சி எல்லோரையும் அதற்குள் குடியமர்த்தி, வீடு வீடாகப் போகச் சொல்வது. இதற்குச் சுகாதார யூனிட் என்று பெயர். நெய்யாற்றின்கரை, சிங்கூர், நஜஃப்கர் என்று இந்தியாவிலும் இம்மாதிரி யூனிட்டுகள் ஏற்பட்டன. சென்னை ராஜதானியில் இதற்குத் தேர்ந்தெடுத்த இடம் நம்முடைய பூந்தமல்லி. பட்டாளம் தங்கியதற்கும், பூவுக்கும், திருக்கச்சி நம்பிக்கும் பேர்போன ஊர், இப்படியாகப் பொதுச் சுகாதாரம் படிக்க வருகிறவர்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆயிற்று. இன்றும் அங்கே பொதுச் சுகாதாரப் பயிற்சி நிலையம் நடந்து வருகிறது.

ஆயாவுக்கு முதல் பிரசவம் 1949-இல். அவளும் ஏழாம் மாதத்தில் தாய் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுவாரம் வெள்ளைப் புடவை கட்டி, கையில் பெட்டியோடு, வெயிலில் நடந்து ஒரு அம்மாள் வந்தாளாம். ஆயாவின் பாஷையில் அவள் "யூனிட்டம்மா". கொள்ளுப்பாட்டி திண்ணையிலேயே நிறுத்தி, "வலி வரலியே, அதுக்குள்ள என்னாத்துக்கு வந்தே?" என்று கேட்டாளாம்.

யூனிட்டம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஆயாவைப் பக்கத்தில் அழைத்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். பிறகு காலில் கட்டை விரலை வைத்து அழுத்தி, எடுத்து, குழி விழவில்லை என்று கொள்ளுப்பாட்டிக்குக் காட்டினாள். "விழுந்தா என்னா?" என்று கேட்டாள் கிழவி. விழுந்தால், முகமும் கையும் வீங்கினால், தலை வலித்தால், கண்ணில் பூச்சி பறந்தால், அன்றைக்கே யூனிட்டுக்கு அழைத்து வரவேண்டும், ஜன்னி வருமுன் வரவேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கொள்ளுப்பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டாளாம். மூத்த மகள் போய்ப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு, அது பேயும் இல்லை, வெயிலும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் வரை அடுப்பு மூட்டவில்லை என்றாள் ஆயா.

அடுத்த முறை யூனிட்டம்மா வந்தபோது திண்ணையில் நிறுத்தவில்லை. உள்ளே பாய் போட்டார்கள். பேறுகாலத்துக்கு வேண்டியதையும் அவளே சொல்லி எடுத்து வைக்கச் செய்தாள். பழைய வேட்டியைக் கிழித்து, கொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, மூட்டை கட்டித் தனியே வைக்கவேண்டும். தொப்புள்கொடி அறுக்க வீட்டு அரிவாள் கூடாது. இருட்டு அறை கூடாது; ஜன்னல் உள்ள அறையைச் சுண்ணாம்படித்து வைக்கவேண்டும். சோற்றைக் குறைக்கக் கூடாது. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் கூட்டவேண்டும். நல்ல நாள் பார்த்துச் சுக்கு, மிளகு, ஓமம் எல்லாம் இடித்துப் பிரசவ லேகியத்துக்குத் தயார் செய்து வைத்திருந்தாள் கொள்ளுப்பாட்டி. அதைப் பார்த்துவிட்டு, "இது பிள்ளை பெத்தப்புறந்தானே? இருக்கட்டும்" என்றாளாம். அந்த "இருக்கட்டும்" என்ற ஒரு சொல்லில்தான் அவள் அந்த வீட்டை வென்றிருப்பாள் என்பது என் அபிப்பிராயம். அந்த மார்கழியில் பிறந்தவர் என் தகப்பனார்.

எழும்பூரிலும் இதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. டாக்டர் லட்சுமணசாமி முதலியார் எழுதிய பிரசவ மருத்துவப் பாடநூல் 1938-இல் வெளிவந்தது. பிறகு டாக்டர் கிருஷ்ண மேனனின் பெயரும் சேர்ந்து, "முதலியார் – மேனன்" என்றே தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். ஆயாவின் அக்காளைக் கொண்டுபோன அந்தக் கர்ப்ப ஜன்னிக்கு மேனன் தனியாக ஒரு சிகிச்சை முறை வகுத்தார். நரம்பைத் தணிக்கும் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது அது. 1961-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் நானூறு சொச்சம் நோயாளிகளின் கணக்கு இருக்கிறது. நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்கே மரணம் நேர்ந்தது. அன்றைய நிலையில் அது பெரிய காரியம். உலகம் முழுவதும் அதை எடுத்துக் கையாண்டார்கள். பின்னர் 1995-இல் பல நாடுகள் சேர்ந்து நடத்திய சோதனை, மெக்னீசியம் சல்பேட் என்ற உப்பே இதற்குச் சிறந்தது என்று தீர்த்தது. இப்போது அதைத்தான் கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஆயாவின் கட்டை விரலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கால் வீக்கத்தை மட்டும் வைத்து இப்போது எந்த டாக்டரும் முடிவு கட்டுவதில்லை. வீங்கிய கால்களோடு சுகமாகப் பெற்றவர்கள் ஏராளம். வீக்கமே இல்லாமல் ஜன்னி கண்டவர்களும் உண்டு. ரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பதும், சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்ப்பதுந்தான் பரீட்சை. இதை நான் ஆயாவிடம் விளக்கிச் சொன்னேன். "அதையும் பாக்கட்டும்" என்றாள்.

1946-இல் வந்த போர் கமிட்டி அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்கு இருபது தாய்மார்கள் இறக்கிறார்கள், வருஷத்துக்கு இரண்டு லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. லட்சத்துக்கு இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018–20 ஆண்டுகளின் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் லட்சத்துக்கு ஐம்பத்து நாலு. இந்த இறக்கத்தில் ரத்த வங்கிக்கும், சல்ஃபா, பெனிசிலினுக்கும், அறுவைச் சிகிச்சைக்கும், தார் ரோட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் சோகை மட்டும் இன்னும் அசையவில்லை. 2019–21-இல் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தம் குறைவு என்றே வந்தது. மார்மைட்டைக் கண்டுபிடித்துத் தொண்ணூறு வருஷம் ஆகிறது!

இப்போதெல்லாம் அரசாங்கமே அங்கன்வாடிகளின் மூலம் ஊர்ப் பெண்களைச் சேர்த்துச் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. பூந்தமல்லிப் பக்கத்தில் அப்படி ஒன்றைப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குச் சென்ற ஆண்டு கிடைத்தது. கல்யாண மண்டபத்தில் வரிசையாக நாற்காலி போட்டு ஐம்பது, அறுபது பெண்கள். ஜாதி இன்னதென்று தெரியாது. புகுந்த வீடு வசதியா வறுமையா என்பதும் தெரியாது. எல்லாக் கன்னத்திலும் ஒரே சந்தனம். சித்திரான்னப் பொட்டலம் ஒரு பக்கம், கீரையும் பேரீச்சம்பழமும் கண்காட்சி போல ஒரு பக்கம். மூலையில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

வளையல் அடுக்கி முடித்த பெண் ஒருத்தி அவளிடம் போய் உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரையில் கண்ணாடி வளையல். நர்ஸ் சட்டைக் கையைச் சுருட்டிப் பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றினாள். வளையல்கள் சத்தம் செய்ததால் ஸ்டெதாஸ்கோப்பில் சரியாகக் கேட்கவில்லை போலும். "கொஞ்சம் அசையாம இரும்மா" என்றாள். எண்ணைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். குறித்த பிறகு, யாரும் கேட்காமலேயே குனிந்து, அந்தப் பெண்ணின் புடவைக் கரையை ஒதுக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.